ஏஎஸ்கே 13 இறக்கை ஏன் முன்னால் சாய்ந்திருக்கிறது?

ஏஎஸ்கே 13 என்பது இரண்டு இருக்கை கொண்ட, எஞ்சின் இல்லாத பயிற்சி விமானம் (கிளைடர்). "ஏஎஸ்கே 13 கிளைடரின் இறக்கை முன்பக்கம் சாய்ந்திருப்பது வேகத்துக்காக" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அந்தச் சாய்வுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் பின் இருக்கையால் வந்த வினை.

பயிற்சி விமானத்தில் மாணவர் முன்னால், பயிற்சியாளர் பின்னால். பயிற்சியாளர் ஏறினாலும் இறங்கினாலும் சமநிலை பெரிதாக மாறக் கூடாது. மாணவர் முதன்முறை தனியாகப் பறக்கும்போது பின் இருக்கை காலி! ஆகவே அந்த இருக்கை விமானத்தின் எடை சமநிலை கொள்ளும் புள்ளியான புவியீர்ப்பு மையத்துக்கு அருகில் இருந்தாக வேண்டும். ஆனால் இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரம் விமானத்தின் உடலைக் கடப்பதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். அதனால் இறக்கையின் அடியைப் பின்னுக்குத் தள்ளி, நுனிகளை முன்னால் கொண்டுவந்தார்கள். இப்படிச் செய்தால் இறக்கையின் தூக்குவிசை வேண்டிய இடத்திலேயே நிற்கும்.

இதற்கு முந்தைய கா 7 விமானத்திலும் இந்தச் சாய்வு உண்டு. அதில் இறக்கை உடலின் மேல்பகுதியில் இருந்ததால் பின்னால் இருப்பவருக்குப் பார்வை மறைந்தது. 1966இல் பறந்த ஏஎஸ்கே 13இல் வடிவமைப்பாளர் ருடால்ஃப் கைசர் இறக்கையை நடுவுக்கு இறக்கி, பெரிய கண்ணாடிக் கூண்டும் வைத்தார். அப்புறம், ஏஎஸ்கே 13 முழுக்க ஃபைபர் கண்ணாடியால் ஆன விமானமும் அல்ல: மர இறக்கை, உடலுக்கு எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி. ஃபைபர் கண்ணாடியில் வந்தது அதற்குப் பிந்தைய, 1979இன் ஏஎஸ்கே 21.