பலூன் ஊத நாங்கள் வரவில்லை

சனிக்கிழமை காலை ஒரு மனிதனை வீட்டிலிருந்து கிளப்பி, கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் குளிர வைத்து, கையில் பலூனைக் கொடுத்து "ஊதுங்கள் பார்ப்போம்" என்பதற்குப் பெயர் செயலமர்வாம். கேட்டால் ஐஸ் பிரேக்கர், அதாவது புதிதாகச் சந்திப்பவர்களின் கூச்சத்தை உடைக்கிற விளையாட்டு என்கிறார்கள். ஒரே கடையில் வருடக்கணக்காக நின்று, ஒருவருடைய சோற்றுப் பார்சலில் மற்றவர் கைவைத்துச் சாப்பிடுகிற எங்களுக்குள் உடைப்பதற்கு என்ன ஐஸ் இருக்கிறது?

எங்கள் காசாளர் அக்காவுக்கு ஓய்வுபெறுகிற வயது கிட்டுகிறது. முழங்கால் வலி வேறு. புறக்கோட்டைச் சந்தடிக்குள் நின்று, கள்ளத் தாளை விரலால் தடவியே பிடித்துவிடுகிற ஆள். அவரைப் பார்த்து, அவருடைய மகன் வயதுள்ள, பயிற்சி நடத்த வந்த வளவாளர் சொல்கிறார்: "பலூனைக் காலால் மிதித்து உடையுங்கள் அக்கா, உங்கள் பயமும் அதோடு உடைந்துவிடும்." வாடிக்கையாளரோடு கதைக்க அக்காவுக்குப் பயமாம்! அக்கா பாவம், மரியாதைக்காகச் சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழும்பினார். மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

ஐயா வளவாளர்மாரே, வருவதற்கு முதல் நாள் எங்களில் ஒருவருக்காவது ஒரு கோல் எடுத்தீர்களா? அங்கே என்ன தொல்லை, எந்த இடத்தில் பிழை வருகிறது, எது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் பாதி சிலைட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பீர்கள்.

பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பது புதிய விஷயமும் இல்லை. அமெரிக்கரான மல்கம் நோல்ஸ் 1970களிலேயே எழுதிவிட்டார்: வளர்ந்தவர்கள் அனுபவத்தோடு வந்து உட்காருகிறார்கள், இது எனக்கு எதற்கு என்று விளங்கினால்தான் காது கொடுப்பார்கள், பாடத்தைவிடத் தங்கள் பிரச்சினைதான் அவர்களுக்குப் பெரிது. இதே நோல்ஸின் படத்தை எங்கள் வளவாளரும் சிலைட்டில் போட்டார். போட்டுவிட்டு, தேநீர் இடைவேளை வரைக்கும் வேறு யாரையும் வாய் திறக்க விடவில்லை.

அடுத்து வந்தது அந்தப் பிரமிட். கேட்பதில் 5 வீதம்தான் மனதில் நிற்குமாம், வாசிப்பதில் 10 வீதமாம், செய்து பார்த்தால் 75 வீதமாம். கொழும்பில் எந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்தாலும் இந்தப் பிரமிட் தப்பாமல் வந்துவிடும். எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் ஒரு கூம்புப் படம் வரைந்தார், உண்மைதான். ஆனால் அதில் ஒரு வீதக் கணக்கும் இல்லை. பிறகு வந்தவர்கள் ஒட்டவைத்த எண்கள் அவை. அவற்றுக்குப் பின்னால் ஒழுங்கான ஆய்வு எதுவும் கிடையாது. சரி, அது போகட்டும். அந்த எண்ணை நம்புகிறீர்கள் என்றே வைப்போம். கேட்பதில் 5 வீதம்தான் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே காலை முழுக்க நீங்களே கதைக்கிறீர்களே, அது எப்படி? மீதி 95 வீதத்துக்கு எங்கள் சனிக்கிழமையைத் திருப்பித் தருவீர்களா?

மொழிப் பிரச்சினை இன்னொன்று. சிலைட் ஆங்கிலத்தில், பேச்சு சிங்களத்தில். நடுவில் எங்கள் பக்கம் திரும்பி "தமிழ் ஆட்களுக்கும் விளங்குதுதானே?" என்று ஒரு கேள்வி. விளங்கவில்லை என்று அத்தனை பேருக்கு முன்னால் எவன் சொல்வான்? தலையை ஆட்டினோம். 138 பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கிற சிங்களம் வேறு, வரிக்கணக்கு படிக்கிற சிங்களம் வேறு. இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகள் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள். மேசைக்கு ஒருவரை உட்காரவைத்திருந்தாலே போதும், ஒரு சதம் செலவில்லை.

வரிக்கணக்கு என்றதும் அந்தப் பழைய கோபமும் வருகிறது. 2024 தை (ஜனவரி) முதலாம் திகதி வற் என்கிற பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. கவுண்டரில் ஒவ்வொரு நாளும் சண்டை. அந்த மாதமே எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நல்லது என்று போனோம். களஞ்சியத்தில் வேலை செய்கிற தம்பி எழும்பிக் கேட்டான்: "சேர், மார்கழியில் 15 வீதத்தில் விற்ற சாமானை இப்போது திருப்பிக்கொண்டு வந்தால் காசைக் கழித்துக் கொடுக்கிற கிரெடிட் நோட்டை எந்த வீதத்தில் எழுதுவது?" அன்றைக்கு அந்த மண்டபத்தில் பேசப்பட்ட ஒரே உருப்படியான விஷயம் அதுதான். வளவாளர் சிரித்தார். "நல்ல கேள்வி, பார்க்கிங் லொட்டில் போடுவோம்" என்று, பிறகு பார்க்கிற கேள்விகளுக்கென்று சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் எழுதினார். பின்னேரம் நன்றியுரை முடிந்ததும் ஹோட்டல் பெடியன் அந்தத் தாளைச் சுருட்டி, பட்டிஸ் தட்டுகளோடு சேர்த்துக் கொண்டுபோனான். தம்பி அடுத்த கிழமை யாரோ ஒரு கணக்காளருக்குப் போன் எடுத்துத்தான் பதிலைத் தெரிந்துகொண்டான்.

முடிவில் ஒரு படிவம் தருவார்கள். மண்டபம் எப்படி, சாப்பாடு எப்படி, வளவாளர் எப்படி. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எல்லோரும் "மிக நன்று" என்று கோடு போட்டுவிட்டு ஓடுவோம். அமெரிக்காவில் கேர்க்பற்றிக் என்பவர் பயிற்சியை அளக்க நாலு படி சொல்லி அறுபது வருடத்துக்கு மேலாகிறது: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. எங்கள் ஆட்கள் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். பலன் எங்கே என்று மேலிடமும் கேட்காது. பங்குனி முடிவதற்குள் பயிற்சிக்கென்று ஒதுக்கிய காசு முடிய வேண்டும், வரவு இடாப்பில் கையெழுத்து நிறைய வேண்டும், குழுப் படம் முகநூலில் போக வேண்டும்.

ஒழுங்காகச் செய்கிறவர்கள் இல்லாமலும் இல்லை. ஒருமுறை ஒரு அம்மா வந்தார். முதல் நாளே கடைக்கு வந்து, கவுண்டருக்குப் பின்னால் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பிழைவிட்ட பில்களைக் கேட்டு வாங்கி, பெயர்களை மறைத்துக் கொப்பி எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் மேசைக்கு மேசை அவற்றைப் பரப்பி, "இதில் என்ன பிழை, ஏன் வந்தது, நீங்களே சொல்லுங்கள்" என்றுவிட்டுப் பேசாமல் இருந்தார். எங்கள் அக்காதான் அன்றைக்கு அதிகம் பேசினார். பாதி ஆட்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மத்தியானத்தோடு முடித்து அனுப்பிவிட்டார் அந்த அம்மா. கொஞ்சக் காலம் கழித்துத் திரும்ப வந்து, அதே பிழை இன்னும் வருகிறதா என்று பில் கட்டைப் புரட்டியும் பார்த்தார். பலூனும் இல்லை, பிரமிட்டும் இல்லை.

அவரை ஏன் திரும்பக் கூப்பிடவில்லை என்று எச்.ஆரில், அதாவது மனிதவளப் பிரிவில் கேட்டேன். "அவர் மோட்டிவேஷன் செய்வதில்லையே" என்றார்கள். வருகிற சனிக்கிழமை தலைமைத்துவச் செயலமர்வாம், எல்லோரும் மஞ்சள் ரீ-சேர்ட் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். அக்கா கடை கடையாக ஏறி இறங்குகிறார், அவருடைய அளவில் மஞ்சள் கிடைக்கவில்லை.