கல்லறைக்குப் பக்கத்தில் கட்டைவிரல்

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் டிரம்ப் படம் எடுத்த விவகாரத்தில் நான் போட்ட இரண்டு வரிக்கு வந்த கருத்துகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2024 ஆகஸ்ட் 26, ஆப்கானிஸ்தானின் காபூல் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்கள் இறந்த மூன்றாம் வருட நினைவு நாள். அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்த டிரம்ப் மலர் வளையம் வைத்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்தத் தோட்டத்தின் 60ஆம் பிரிவுக்குப் போனார்கள், கூடவே கேமராவும் போனது. ராணுவக் கல்லறைகளில் தேர்தல் பிரசாரம் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதைச் சொன்ன ஊழியரைத் தள்ளிவிட்டார்கள் என்று ராணுவமே அறிக்கை விட்டது. பிரசாரக் குழு என்ன சொன்னது தெரியுமா? அந்த ஊழியருக்கு மனநிலை சரியில்லையாம். கடைசியில் டிக்டாக்கில் வீடியோ. கல்லறைக்குப் பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு ஒரு படம்.

நான் எழுதியது இவ்வளவுதான்: இறந்தவர்கள் படுத்திருக்கும் இடம் தேர்தல் மேடை இல்லை. இதற்கா இத்தனை வசவு?

"குடும்பங்கள்தானே கூப்பிட்டார்கள்" என்கிறீர்கள். சரி. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கூப்பிடட்டும், அவர்களைக் கேள்வி கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் அங்கே கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன ஐயா. படத்தில் பக்கத்துக் கல்லும் விழுந்திருக்கிறது. அது வேறு வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

"அப்போது அதிபராக இருந்த பைடன் மட்டும் யோக்கியமா?" இல்லை. டோவர் விமானப்படைத் தளத்தில் அந்த 13 பேரின் சவப்பெட்டிகள் இறங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்று அந்தக் குடும்பங்களே குமுறினார்கள். டிரம்போடு நடந்த ஜூன் மாத விவாதத்தில், தன் ஆட்சியில் வீரர்கள் யாரும் எங்கும் சாகவில்லை என்கிற மாதிரி பேசினார். அப்போது காபூலில் இறந்த 13 பேர் யார்? ஜனவரியில் ஜோர்டானில் இறந்த மூன்று பேர்? அசிங்கம்தான். எழுதிவிட்டேன், திருப்தியா? ஆனாலும் கடிகாரத்தைப் பார்ப்பதும் கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதும் ஒன்று என்றால் எனக்குப் புரியவில்லை.

2018இல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஆர்லிங்டனுக்குக் கூட்டிப்போனேன். கென்னடி சமாதியைக் காட்டத்தான் போனோம். அங்கிருந்து நடந்து 60ஆம் பிரிவுக்கு வந்துவிட்டோம். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த பிள்ளைகள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். தார் ரோடு முடிந்து புல் தொடங்கும் இடத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எண்கள் தெரியும். ஒவ்வொரு கல்லாக நின்று பிறந்த வருடம், இறந்த வருடம் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தார். "இருபத்தொண்ணுடா." அடுத்தது. "பத்தொம்போது." கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா மடக்கு நாற்காலி போட்டுக் கல்லோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அம்மா கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்.

அந்த 60ஆம் பிரிவில்தான் கேப்டன் ஹுமாயுன் கானும் இருக்கிறார். பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். 2004 ஜூனில் இராக்கின் பாகுபாவில், தன் ஆட்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, சந்தேகமாக வந்த காரை நோக்கித் தான் மட்டும் போய், அது வெடித்து இறந்தவர். வயது 27. அவருடைய அப்பா 2016இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மேடையேறி, ஆர்லிங்டன் கல்லறைக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று டிரம்பைக் கேட்டார். அதற்கு அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதை என்ன? பக்கத்தில் நின்ற தாய்க்குப் பேச அனுமதி இல்லையோ என்று டிரம்ப் பேட்டி கொடுத்தார். கேள்விக்குப் பதில், போயிருக்கிறார். கட்டைவிரலோடு.

செனட்டர் ஜான் மெக்கெய்னைப் பற்றி டிரம்ப் சொன்னதை நினைவுபடுத்த வேண்டுமா? ஐந்தரை வருடம் வியட்நாமில் சிறையில் கிடந்த மனிதரை, பிடிபடாதவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னவருக்கு, குதிகால் எலும்பில் கோளாறு என்று காட்டிக் கட்டாயப் படைச் சேவையிலிருந்து விலக்கு வாங்கியவருக்கு, தேசபக்திச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் எப்படி வந்தது?

டிரம்பின் குடியரசுக் கட்சி மட்டும் என்று நான் சொல்லவில்லை. (சொல்கிறேன், கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.) 2022 ஜூலையில், போர்க்களத்தில் குப்பைக்குழி எரித்த புகையைச் சுவாசித்து நோயாளியான வீரர்களின் சிகிச்சைக்கான மசோதா செனட்டில் 60 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 55-42 என்று முடங்கியது. முந்தின மாதம் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்களே பின்வாங்கினார்கள். முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்துக் கிடந்தார்கள். நாடே காறித் துப்பிய பிறகு ஒரே வாரத்தில் 86-11. கோட்டில் கொடி பேட்ஜ் குத்திக்கொள்ள ஒரு நொடி போதும். மூச்சுவிட முடியாதவனுக்கு மருந்துச் செலவு கொடுக்கத்தான் படிக்கட்டில் படுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பேச நீ யார் என்று கேட்டீர்கள். 2014இல் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். சட்டம் கேட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று அதில் ஒரு வரி வரும். கையை உயர்த்திச் சொன்னேன், குரல் நடுங்கியது. இங்கேயே பிறந்தவர்கள் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

முகம் தெரியாதவர்கள் திட்டியது பரவாயில்லை. "மச்சான், கிரீன் கார்டுக்கு வந்தவனுக்கு எதுக்குடா அமெரிக்க ராணுவத்து மேல இவ்வளவு அக்கறை" என்று நீ எழுதியதுதான் உறுத்துகிறது. சிரிப்புப் பொம்மை வேறு. அந்தக் கருத்தை நான் அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். 2018இல் எங்களைக் காரில் கூட்டிப்போனது நீதான். அம்மா செருப்பைக் கழற்றியதும் நீயும் குனிந்து, லேஸ் முடிச்சு அவிழவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தாய்.