'டிக்'னு ஒரு சத்தம், அதுக்கு ஊரெல்லாம் வைத்தியர்

பிஸ்டல் சுடற போட்டி. 10 செகண்ட் சீரிஸ், அதாவது பத்து செகண்டுக்குள்ள அஞ்சு குண்டு. முதல் ரெண்டும் பத்துல விழுந்தாச்சு. மூணாவதுக்கு ட்ரிகரை இழுக்கறேன், 'டிக்'. அவ்ளோதான். வெடிச்சிருந்தா ஒன்பதோ எட்டோ, ஏதாவது ஒண்ணு வந்திருக்கும். இது ஒண்ணுமே இல்ல, வெறும் 'டிக்'.

ஆத்திரத்துல போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ள தள்ளற பாகத்தை, பிடிச்சு இழுக்கவும் முடியாது. பிஸ்டலை டார்கெட் பக்கமாவே நீட்டிக்கிட்டு, இன்னொரு கையைத் தூக்கிட்டு, ரேஞ்ச் ஆபீசர் வர்ற வரைக்கும் சிலை மாதிரி நிக்கணும். அவர் வந்து பாக்கறதுக்குள்ள மெக்கானிசத்தைத் தொட்டா நம்ம தப்புன்னே எழுதிடுவாங்க.

சரி, இதையாவது பொறுத்துக்கலாம். அதுக்கப்புறம் வந்த வைத்தியர்களைத்தான் பொறுக்க முடியல.

"தோட்டா மட்டம் சார், அந்த பாக்ஸைத் தூக்கிப் போடுங்க." லைசென்ஸ் புக்கை எடுத்துக்கிட்டு அலைஞ்சு வாங்கின தோட்டாய்யா அது, தூக்கிப் போடறதுக்கு கடலை பொட்டலமா? "ஸ்பிரிங் செத்துடுச்சு." மாத்தினேன், காசு போச்சு, 'டிக்' போகல. அப்புறம் வந்தார் எண்ணெய்க்காரர். எந்த வியாதிக்கும் அவர்கிட்ட ஒரே மருந்து. "ஃபயரிங் பின் பக்கம் நல்லா எண்ணெய் விடுங்க தம்பி." தோட்டாவை அடிக்கற ஊசிதான் அந்த ஃபயரிங் பின். வயசுல பெரியவராச்சேன்னு விட்டேன். 'டிக்' ரெண்டு மடங்காச்சு!

இத்தனை பேர்ல ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, வெடிக்காத அந்தத் தோட்டாவைக் கையில வாங்கிப் பாத்தாங்களா? என்ன நடந்துச்சுன்னு அதுலதான எழுதியிருக்கு!

பாயிண்ட் 22 ரிம்ஃபயர் தோட்டாவுல தீப்பத்த வைக்கற மருந்து அடிப்பக்கத்து நடுவுல இருக்காது. ஈரமா உள்ள போட்டு, சுழற்றி, விளிம்பு மடிப்புக்குள்ள பரப்பியிருப்பாங்க. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினாத்தான் தீப்பொறி. அது அடிச்ச குழி ஆழமா விழுந்தும் வெடிக்கலையா, அந்த இடத்துல மருந்து சரியா பரவாம இருக்கலாம், தோட்டாவைத் திட்டு. குழி மேலாப்பல இருக்கா, துப்பாக்கியைப் பாரு. திரும்ப அடிச்சா அதே தோட்டா வெடிக்குதா, முதல் அடி தோட்டாவை உள்ள தள்ளறதுலயே தீர்ந்திருக்கும். தோட்டா உக்கார்ற சேம்பர்ல மெழுகும் ஈயமும் கரியும் அப்பியிருக்கும், பிரஷ் போடு. தோட்டா போடாம கண்டபடி வெறும் ட்ரிகர் இழுத்துப் பழகினவங்க பிஸ்டல்ல சேம்பர் விளிம்பே நசுங்கியிருக்கும், அது தனிக்கதை.

நான் என்ன பண்ணினேன்? ரெண்டு வாரம் 'டிக்' அடிச்சதையெல்லாம் ஒரு மாத்திரை டப்பாவுல சேர்த்தேன். ஒவ்வொரு தடவையும் குழாயை டார்கெட் பக்கமா வெச்சுக்கிட்டு 30 செகண்ட் எண்ணி, அப்புறம்தான் வெளிய எடுத்தேன், தாமதமா வெடிச்சுத் தொலைச்சா கை போயிடும். மொத்தம் 14. வீட்டுல இருந்த பூதக்கண்ணாடிய வெச்சுப் பாத்தா எல்லாத்துலயும் குழி நகம் பட்ட மாதிரி மேலாப்பல. குழி இல்லாத பக்கம் அடி விழற மாதிரி திருப்பிப் போட்டு, நண்பர் பிஸ்டல்ல சுட்டோம். 14ல 13 வெடிச்சுது. அப்போ தோட்டா மேல பழி போட்டதெல்லாம் பாவம்.

சேம்பரைத் தேய்ச்சுக் கழுவினேன், தோட்டா சுகமா போய் உக்காந்துச்சு, ஆனா 'டிக்' நிக்கல. கடைசில துப்பாக்கி ரிப்பேர் தெரிஞ்ச அண்ணன்கிட்ட போல்ட்டைக் குடுத்தேன். ஃபயரிங் பின்னைக் கழட்டினார். அது ஓடற பள்ளம் முழுக்கக் கறுப்பா பசை, பழைய கரியோட நான் விட்ட எண்ணெயும் சேர்ந்து, கண் மை மாதிரி! அதுக்குள்ள நீந்திப் போய் பின் எங்க அடிக்கும்? கழுவி, காய வெச்சு, எண்ணெயே தொடாம மாட்டிக் குடுத்தார். செலவு ஒரு டீ. அடுத்த 200 குண்டுல ஒரு 'டிக்' கூட இல்ல.

எனக்குப் போனது ஒரு ஸ்பிரிங் காசு, ரெண்டு வாரத் தூக்கம், ஒரு போட்டி.

நேத்து ரேஞ்சுக்குப் போறேன், பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் முகம் வாடி நிக்கிறான், பக்கத்துல நம்ம எண்ணெய்க்காரர், கையில குப்பி. "ஐயா, ஒரு நிமிஷம் குடுங்க"ன்னு வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன். இன்னும் திருப்பிக் குடுக்கல.