ஸ்டான் என்பது ஒரு ஆளின் பெயர்

ஆங்கிலத்தில் எழுதும் இளசுகளின் பதிவுகளைக் கொஞ்ச நேரம் படித்தாலே 'வீ ஸ்டான்' என்ற வார்த்தை கண்ணில் பட்டுவிடும். ஒரு பாடகியைப் பிடித்திருந்தால் ஸ்டான். தைரியமாகப் பேசிய ஒரு பெண்ணைப் பாராட்ட ஸ்டான். காபியில் ஊற்றும் ஓட்ஸ் பால் பிடித்திருந்தால் அதற்கும் ஸ்டான். கேட்டால், ஸ்டாக்கர் (விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவன்), ஃபேன் இரண்டையும் சேர்த்தால் ஸ்டான் என்று விளக்கம் சொல்கிறார்கள். அது பின்னால் கட்டிவிட்ட கதை. ஸ்டான் ஒரு ஆளின் பெயர். அமெரிக்க ராப் பாடகர் எமினெம் 2000ல் தன் 'தி மார்ஷல் மேதர்ஸ் எல்பி' ஆல்பத்தில், 'ஸ்டான்' என்ற பாட்டில் படைத்த ஒரு ரசிகன் அவன்.

அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொல்ல வராது. எனக்கு வரவில்லை.

பாடகி டைடோவின் 'தேங்க் யூ' பாட்டிலிருந்து எடுத்த மெல்லிய குரல், பின்னால் மழை, காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம். ஸ்டான் கடிதம் எழுதுகிறான். முதல் கடிதத்தில் பாசம்தான். முன்பு எழுதியதற்குப் பதில் இல்லை, பரவாயில்லை, என் காதலி கர்ப்பமாக இருக்கிறாள், பெண் குழந்தை பிறந்தால் இந்தப் பெயர் வைக்கப்போகிறேன் என்று வீட்டு ஆளிடம் பேசுவதுபோல் பேசுகிறான். இரண்டாவது கடிதத்தில் குரல் மாறுகிறது. ஆறு வயதுத் தம்பி கடும் குளிரில் நான்கு மணி நேரம் காத்து நின்றும் நீ ஒரு கையெழுத்துப் போடவில்லையே என்று கேட்கிறான். உன் பெயரை நெஞ்சில் பச்சை குத்தியிருக்கிறேன் என்கிறான். மூன்றாவது கடிதமே இல்லை, கேசட். குடித்துவிட்டு, மழையில் கார் ஓட்டிக்கொண்டே பதிவு செய்கிறான். கர்ப்பிணிக் காதலி கட்டுண்டு டிக்கியில் கிடக்கிறாள். கார் பாலத்திலிருந்து விழப்போகிற நொடியில்தான் இந்தக் கேசட்டை எப்படி அனுப்புவது என்ற யோசனை அவனுக்கு வருகிறது.

நான்காவது பகுதியில் எமினெம் நிதானமாகப் பதில் எழுதுகிறார். தாமதத்துக்கு வருத்தம் சொல்கிறார், தம்பிக்குத் தொப்பி அனுப்புகிறேன் என்கிறார், யாராவது மனநல ஆலோசகரைப் பார் என்கிறார். ஓரிரு வாரம் முன் செய்தியில் பார்த்த ஒரு கார் விபத்தைப் பற்றி எழுதிக்கொண்டே வரும்போதுதான், இறந்தவன் யார் என்று அவருக்கு உறைக்கிறது. பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்தப் பெயரைப் பொதுச்சொல்லாக்கி ஏசியவர்களில் எல்லோருக்கும் நினைவிருப்பவர் ராப் பாடகர் நாஸ். 2001 டிசம்பரில் இன்னொரு ராப் பாடகரான ஜே-ஸீயைத் தாக்கி வந்த 'ஈத்தர்' பாட்டில் போலி, பொய் என்று வசவுகளை அடுக்கிக்கொண்டே போய் அதோடு ஸ்டான் என்பதையும் சேர்த்தார். எமினெமின் பாட்டு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ராப் உலகத்தில் ஒருவரை ஸ்டான் என்பது அவமானமாகிவிட்டது. அடுத்தவன் நிழலில் வாழ்கிறவன், தனக்கென்று ஒன்றும் இல்லாதவன் என்று அர்த்தம். அப்புறம் அது இணையத்துக்குள் வந்தது, வினைச்சொல்லானது, கே-பாப் என்கிற கொரிய பாப் இசையின் ரசிகர்கள் கையில் உலகம் சுற்றியது. 2019ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் ஏறியது.

வார்த்தைகள் இப்படி மாறுவது புதிதல்ல. ஃபேன் என்ற சொல்லே ஃபனாட்டிக் என்பதன் குறுக்கம்தான். வெறி பிடித்தவன் என்று பொருள் தந்த சொல், அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் புழங்கிச் சாதுவாகிவிட்டது. சாதுவான பிறகு, எல்லை மீறுகிறவனைச் சொல்ல ஆங்கிலத்துக்கு வேறு சொல் தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் ஸ்டான் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. இப்போது அதையும் கொஞ்சல் வார்த்தையாக்கிவிட்டார்கள். நம் ஊரில் 'தல வெறியன்', 'தளபதி வெறியன்' என்று பைக்கில் ஒட்டிக்கொள்கிறார்களே, அங்கேயும் இதேதான் நடந்தது.

ஓட்ஸ் பாலுக்கு ஸ்டான் சொல்வதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ரசிகர் கூட்டம் என்றாலே ஆபத்து என்றும் நான் நினைக்கவில்லை. 2020 ஜூனில் கொரியாவின் பிடிஎஸ் இசைக்குழு கறுப்பின உரிமை இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்ததும், அவர்களுடைய ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் அதே அளவு பணத்தைத் திரட்டிவிட்டார்கள். அந்த அன்பை மதிக்கிறேன்.

ஆனால் அடுத்த மாதமே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'ஃபோக்லோர்' ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழில் ஒரு பெண் விமர்சகர் பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தார். பாராட்டி எழுதிய விமர்சனம்தான் அது. அந்த எட்டு போதவில்லை என்று ரசிகர்களில் சிலர் அவருடைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இணையத்தில் போட்டார்கள், மிரட்டல் விடுத்தார்கள். ஒரு நல்ல விமர்சனம் எழுதியதற்கு ஒரு பெண் தன் வீட்டுக்குள் பயந்து இருக்க வேண்டியிருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் 'ஸ்டான்கள் கொதிப்பு' என்கிற ரீதியில் தலைப்பு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மிரட்டல் என்று எழுத வேண்டிய இடம் அது. ஏதோ ஆர்வக்கோளாறு போலப் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2000ல் அந்த ஸ்டான் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தான். யாருக்கும் தெரியாமல், அறையில் தனியாகத்தான் முற்றினான். இன்றைக்கு அவனுக்குக் கடிதமே வேண்டாம். போனை எடுத்தால் அவனைப் போலவே நினைக்கிற ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள், ஆளாளுக்கு ஏற்றிவிடுகிறார்கள். நட்சத்திரம் பதில் சொல்லவில்லை என்ற கோபம் மூன்றாவது ஆள் மேல் போய் விழுகிறது. பாட்டில் அவன் அழித்ததும் தன்னையும், டிக்கியில் கிடந்த அந்தப் பெண்ணையும், பிறக்காத குழந்தையையும்தானே? பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட அவளைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

எமினெம் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். 2013ல் 'பேட் கை' என்ற பாட்டில் அந்தத் தம்பியை வளர்ந்த ஆளாகத் திரும்பக் கொண்டுவந்தார், அண்ணன் சாவுக்குப் பழிவாங்க. 2025ல் தன் ரசிகர்களைப் பற்றித் தானே தயாரித்த ஆவணப்படத்துக்கு 'ஸ்டான்ஸ்' என்றே பெயர் வைத்தார்.

இந்த வார்த்தையைத் தினமும் எழுதுகிற தம்பி தங்கைகள் அந்த முதல் பாட்டை ஒருமுறை கேளுங்கள். ஆறே முக்கால் நிமிடம்தான். ரேடியோவுக்காக வெட்டியதைக் கேட்காதீர்கள், முழுதாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்களை நீங்கள் ஸ்டான் என்று அழைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஒருவரின் வீட்டு முகவரியைத் தேடி எடுத்துப் போடுகிறவனை அந்தப் பெயரால் செல்லமாகக் கூப்பிடாதீர்கள்.