மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்

நுரையீரலில் வரும் ஹைடாடிட் கட்டிக்கு (நாடாப்புழுவின் இளம்பருவத்தால் உண்டாகும் நீர்க்கட்டி) முதலில் அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சிறிய கட்டி என்றால் சரி. பெரிய கட்டியில் மருந்தால் சுவர் நலிந்து, மூச்சுக்குழாய்க்குள்ளேயே உடைந்துவிடக்கூடும். உள்ளிருக்கும் நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை வரலாம். நெஞ்சுக்கூட்டில் சிந்தினால் புதிய கட்டிகள் முளைக்கலாம். அதனால்தான் அறுவையின்போது சுற்றிலும் உப்புக்கரைசலில் நனைத்த துணியை வைத்து, புழுவின் சவ்வை முழுதாக வெளியே எடுக்கிறார்கள். பிறகு கட்டி இருந்த குழியில் திறந்திருக்கும் மூச்சுக்குழாய் வாய்களை ஒவ்வொன்றாகத் தைத்து மூட வேண்டும். இதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமே! விட்டுப்போனால் காற்று நாள்கணக்கில் கசியும். பெரும்பாலும் நுரையீரலை வெட்டி நீக்கத் தேவையில்லை, நோயாளிகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். கல்லீரலையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், அங்கேயும் கட்டி இருக்கலாம்.