ஆபிரகாம் ஏன் ஆறு முறை கேட்டார்?

தேவன் என் நண்பர் என்று சொல்லாத கிறிஸ்தவர் அரிது. பாடும்போது சொல்கிறோம், சாட்சி சொல்லும்போது சொல்கிறோம். ஆனால் முழங்கால் போட்டதும் அந்த நட்பு எங்கோ போய்விடுகிறது. வேலை, உடல்நலம், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று விண்ணப்பங்கள் வரிசையாக வருகின்றன. நடுவில் இரண்டு ஸ்தோத்திரம், கடைசியில் ஆமென். கேட்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒருவர் நம்மிடம் வரும்போதெல்லாம் தன் தேவையை மட்டும் சொல்லிவிட்டு, நாம் வாய் திறப்பதற்குள் எழுந்து போய்விடுகிறார் என்றால், அவரை நண்பர் என்று எத்தனை நாள் சொல்வோம்?

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு சீஷர்களிடம் பேசியது யோவான் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை" என்கிறார். காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்: எஜமான் என்ன செய்கிறார் என்பது ஊழியக்காரனுக்குத் தெரியாது, தாம் பிதாவிடம் கேட்ட எல்லாவற்றையும் இவர்களுக்கு அறிவித்துவிட்டார், ஆகையால் இவர்கள் சிநேகிதர். எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். ஆனாலும் அந்தக் காரணத்தை நாம் நின்று பார்ப்பதில்லை. தம் மனதில் இருப்பதை அவர் மனிதனிடம் சொல்கிறார். அதனால்தான் அவன் சிநேகிதன். அவர் சொல்வதைக் கேட்க ஆளே இல்லாத ஜெபத்தில் இந்த நட்பு எப்படி வளரும்?

வேதாகமம் பெயர் சொல்லி தேவனுடைய சிநேகிதன் என்று அழைக்கும் மனிதர் ஆபிரகாம். ஏசாயாவிலும் நாளாகமத்திலும் யாக்கோபு நிருபத்திலும் அந்தப் பட்டம் அவருக்கு வருகிறது. அந்த நட்பு எப்படிப்பட்டது என்று பார்க்க ஆதியாகமம் 18-க்குத்தான் போக வேண்டும். கர்த்தரும் இரண்டு தூதர்களும் மனித உருவில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு விருந்தாளிகளாக வந்திருக்கிறார்கள். விருந்து முடிந்து அவர்கள் எழுந்து சோதோம் என்ற ஊரை நோக்கிப் போகிறார்கள். வழியனுப்ப ஆபிரகாமும் கூடவே நடக்கிறார். அப்போதுதான் கர்த்தர், "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ?" என்கிறார். யோவான் 15-ல் இயேசு சொன்னது இங்கே நடந்து காட்டப்படுகிறது. சோதோமின் கொடிய பாவத்தையும் அதன்மேல் வரவிருக்கும் நியாயத்தீர்ப்பையும் பற்றிய செய்தி ஆபிரகாமுக்குச் சொல்லப்படுகிறது.

சொல்லப்பட்டதும் ஆபிரகாம் என்ன செய்கிறார்? சோதோமின்மேல் அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. முன்பு ஒரு போரில் அந்த ஊரின் ஆட்களையும் பொருள்களையும் மீட்டுக் கொடுத்தபோது, அதன் ராஜா பொருள்களை வைத்துக்கொள்ளச் சொன்னான். ஒரு நூலையோ பாதரட்சையின் வாரையோகூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று மறுத்தவர் இவர். அப்படிப்பட்டவர் அந்த ஊருக்காகக் கர்த்தரின் முன்னே நின்றுகொண்டு, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்கிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை அழிக்காமல் விடுவீரோ? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து. ஆறு முறை. இடையில் தன்னைத் தூளும் சாம்பலும் என்று தாழ்த்திக்கொள்கிறார், கோபம் வேண்டாம் என்று கெஞ்சுகிறார், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. கர்த்தரும் ஒருமுறைகூட "போதும்" என்று சொல்லவில்லை.

இந்தப் பகுதியில் என் மனதை மிகவும் தொடுவது ஒரு மௌனம். சோதோமில் ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்து குடியிருக்கிறான். ஆறு முறை பேசியும் அவன் பெயரை ஆபிரகாம் ஒருமுறையும் எடுக்கவில்லை. மனதில் அவன் இல்லாமலா இருந்திருப்பான்? ஆனாலும் அவர் முழு ஊருக்காகவும் பேசுகிறார். மறுநாள் காலையில் அதே இடத்துக்கு வந்து பார்க்கிறார். சூளையின் புகையைப் போலப் புகை எழும்புகிறது. அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வசனம், தேவன் ஆபிரகாமை நினைத்து லோத்தைத் தப்ப அனுப்பிவிட்டார் என்கிறது. வாய்விட்டுச் சொல்லாததும் கேட்கப்பட்டிருக்கிறது. நட்பில்தான் இது நடக்கும்.

"ஜெப பாரம்" என்று சபைகளில் சொல்கிறோமே, அதன் உண்மையான பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். தேவனுக்கு அக்கறை உள்ளவர்கள்மேல் நமக்கும் அக்கறை பிறக்கிறது. நமக்கு ஆகாதவர்களின் பெயர்கூட நம் ஜெபத்துக்குள் வந்துவிடுகிறது. என் ஜெபத்தில் என் குடும்பத்தைத் தாண்டி ஒரு பெயரும் வராவிட்டால், நான் தேவனிடம் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அவர் என்னிடம் பேச இடம் கொடுக்கவில்லை என்றுதான் பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு நெருக்கமான ஒருவர் நோயில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த விசுவாசிகளில் சிலர், "தேவனிடம் ஏன் என்று கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஜெபிப்பதையே குறைத்துக்கொண்டார். கேட்க மனதில் இருந்தது அந்த ஒரே கேள்விதான்; அதையும் கேட்கக் கூடாது என்றால் வேறு என்ன பேசுவது? ஒரு நாள் மாலை, அவர் படுக்கையின் அருகே உட்கார்ந்து 88-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று தேவனிடமே சொல்லி, ஆறுதலாக ஒரு வரியும் இல்லாமல் முடியும் சங்கீதம் அது. "இது பைபிளில் இருக்கிறதா?" என்று கேட்டார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

150 சங்கீதங்களில் எத்தனை எத்தனை புலம்பல்கள்! எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் தேவனைப் பற்றி அழகாக, ஒழுங்காகப் பேசினார்கள். யோபுவோ தேவனிடமே வழக்காடினார், சில இடங்களில் எல்லை மீறியும் பேசினார். கடைசியில் தேவன், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினவர் யோபுதான் என்கிறார். அந்த நண்பர்களுக்காக ஜெபிக்கும் வேலையையும் யோபுவிடமே கொடுக்கிறார். கேள்வியை அடக்கிக்கொள்வதைப் பக்தி என்று போதிப்பவர்கள் யோபு புத்தகத்தின் அந்த 42-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

அப்படியானால் தேவனை நம் வயது ஆள் போல நடத்தலாமா? கூடாது. யாத்திராகமம் 33-ல், ஒருவன் தன் சிநேகிதனோடே பேசுவதுபோல கர்த்தர் மோசேயோடே முகமுகமாய்ப் பேசினார் என்று இருக்கிறது. அதே அதிகாரத்தின் முடிவில், என் முகத்தைக் கண்டு ஒரு மனிதனும் உயிரோடிருக்க முடியாது என்று அதே மோசேக்குச் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே அதிகாரத்தில்! தெய்வங்களுக்கும் மனிதருக்கும் இடையே உள்ள தூரம் பெரியது, அத்தனை தூரத்தில் நட்பு நிற்காது என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். 13-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பெரிதும் மதித்தவர், இங்கே யோவான் 15-ஐ எடுத்து வைத்து, தேவ அன்பு என்பதே மனிதனுக்கும் தேவனுக்கும் உள்ள நட்புதான் என்று எழுதினார். தூரத்தைக் கடந்து வந்தவர் தேவன், நாம் ஏறிப்போகவில்லை. அதனால்தான் அதே இடத்தில் இயேசு, நான் கற்பிக்கிறதைச் செய்தால் நீங்கள் என் சிநேகிதர் என்றும் சொல்கிறார். கீழ்ப்படிதலைக் கழித்துவிட்டு நட்பை மட்டும் பேசும் பிரசங்கங்கள் எனக்கு உடன்பாடில்லை.

உட்கார்ந்தால் மனம் அலைபாய்கிறது, எதுவும் கேட்பதில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கன்னியாஸ்திரீ அவிலாவின் தெரேசா, ஜெபம் என்பது நம்மை நேசிக்கிறார் என்று நாம் அறிந்தவரோடு அடிக்கடி தனித்திருந்து பேசும் நட்பு என்று விளக்கியவர். அவரே பல ஆண்டுகளாக, ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாக எழுதியிருக்கிறார். அப்படியும் எழுந்து போகவில்லை. ஆகவே வறட்சியைக் கண்டு பயப்படாதீர்கள். சுவிசேஷத்தில் ஒரு பகுதியை மெதுவாக வாசியுங்கள். இயேசு யாரைப் பார்க்கிறார், யாருக்காக நிற்கிறார் என்று கவனியுங்கள். "இன்று உமக்கு யாரைப் பற்றிக் கவலை?" என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருங்கள்.

மனதில் தோன்றுவது அவர் குரலா, என் சொந்த எண்ணமா என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. ஆவிகளைச் சோதித்தறியச் சொல்வதும் வேதம்தான். நான் பார்க்கும் முதல் சோதனை இது: அந்தக் குரல் எப்போதும் என் பக்கமே பேசி, நான் வெறுப்பவர்களை அவரும் வெறுக்கிறார் என்று சொன்னால், அதை நம்பமாட்டேன். நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மன்னிப்பை நினைப்பூட்டினால், சுவிசேஷத்தில் நான் வாசிக்கும் இயேசுவும் அதையே சொல்லக்கூடியவர் என்றால், உட்கார்ந்து முழுவதும் கேட்பேன். பிடிக்காவிட்டால் அவரோடு வாதாடுவேன். ஆபிரகாமுக்குக் கிடைத்த இடம் எனக்கும் உண்டு.