பட்டறையை மறைக்காதே, தம்பி

கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். சென்ற வாரம் நடந்தது இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

வந்தவன் மெக்கானிக்கல் படித்தவன். உன்னைப் பற்றிச் சொல் என்றதும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒப்பித்தான். அப்பா பெயர், அம்மா பெயர், கடின உழைப்பாளி, எந்தச் சூழலுக்கும் பொருந்திப்போவேன், பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. அவனுக்கு முன் வந்த நான்கு பேரும் இதையேதான், இதே வரிசையில் சொல்லியிருந்தார்கள். கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று கேட்டோம். முகம் வெளிறிவிட்டது. வெர்னியர் என்ற அளவுக்கருவியின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, என்ன என்று கேட்டோம். அதற்கும் நாக்கு எழவில்லை.

எழுந்து போகும்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது. வார்ப்பிரும்புத் தூள் எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. "எங்கே வேலை பார்க்கிறாய் தம்பி?" என்று தமிழில் கேட்டேன். ஆவாரம்பாளையத்தில் மாமாவின் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை, பத்தாம் வகுப்பிலிருந்து ஞாயிறு தவறாமல் அங்கேதான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மறுபடி உட்கார வைத்தோம். ஃபோர் ஜா சக்கில், அதாவது கடையும் பொருளை நான்கு தாடைகளால் பிடித்துச் சுழற்றும் லேத்தின் பிடியில், ஒரு வார்ப்பை எப்படி நடு மையத்துக்குக் கொண்டுவந்து சென்டர் செய்வாய்? பையன் ஆளே மாறிவிட்டான். முதலில் சக்கைச் சுற்றவிட்டு சாக்பீஸை மெல்லக் காட்ட வேண்டும், கோடு விழுகிற பக்கம் வெளியே தள்ளியிருக்கிறது, எதிர் ஜாவைத் தளர்த்தி இந்த ஜாவை இறுக்க வேண்டும், ஒரு கட் எடுத்து மேற்பரப்பைச் சீவியபிறகு, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துப் பார்க்க வேண்டும், முள் ஆடுகிற மொத்த அளவில் பாதிதான் நகர்த்த வேண்டும் என்று கைகளால் காற்றில் சாவியைத் திருகியபடியே விளக்கினான். வெர்னியரைக் கையில் கொடுத்தோம். 49 மில்லிமீட்டரை 50 கோடாகப் பிரித்திருக்கிறது, ஆகவே 0.02 மில்லிமீட்டர் என்றான். கண நேரம்கூட யோசிக்கவில்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "பட்டறையில் வேலை செய்ததைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள் சார்."

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஐந்தாறு ஆண்டு உழைத்துச் சேர்த்த தொழிலறிவை ஒரு பிள்ளை வெட்கப்பட்டு மறைக்கும்படி செய்திருக்கிறார்கள். அதற்குக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள்!

நேர்காணலுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீ செய்த வேலையை எடுத்துப் பேசிப் பார். இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஐந்து பேர் இருந்தால், உன் கை பட்ட பகுதி எது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய், எந்த அளவு தப்பிப்போனது, ஏன் என்று அண்ணனிடமோ தோழியிடமோ வாய்விட்டுச் சொல். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் போதாது, முதல் தடவை வாய் திறக்கும்போது தடுமாறத்தான் செய்யும். போகிற கம்பெனி என்ன செய்கிறது என்று முந்தைய நாளே பார்த்துவிடு. பம்ப் கம்பெனி என்றால் இம்பெல்லர் எது, மெக்கானிக்கல் சீல் எதற்கு என்றாவது தெரிந்துகொண்டு வா. சான்றிதழ், சட்டை, நேரம் பற்றியெல்லாம் வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல். அதற்காக நாங்கள் யாரையும் கழித்துவிடுவதில்லை.

மேசைக்கு இந்தப்பக்கம் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மெஷின் ஷாப்பில் நாளெல்லாம் நாம் தமிழில்தானே பேசுகிறோம்? பிறகு அந்த அறைக்குள் மட்டும் எதற்கு ஆங்கிலப் பரீட்சை? வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய வேலையென்றால் கேளுங்கள். சக்கில் ஜாப் (கடைய வேண்டிய பொருள்) கட்டுகிறவனிடம் ஜாப் கட்டுவதைப் பற்றிக் கேளுங்கள், அவன் மொழியில் கேளுங்கள். அன்று நான் அவன் விரலைப் பார்க்காமல் போயிருந்தால் பெயருக்கு நேரே கோடு போட்டிருப்போம். இத்தனை ஆண்டுகளில் அப்படி எத்தனை பேருக்குப் போட்டோமோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அந்தப் பையன் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறான். அடுத்த நேர்காணலுக்கு மேசைமேல் ஒரு வெர்னியரும் பாதி கடைந்த ஒரு வார்ப்பும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.